மிச்சமிருந்த பதினொரு நாய்கள்

பிப்ரவரி 3, 2025. திங்கள்

ஆபீஸ் பூட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசலில் ஒரு செத்த ஆட்டைக் கொண்டுவந்து போட்டிருந்தான் வடக்குத் தெரு சுடலைராஜ். சினை ஆடு. நாய்கள் வயிற்றைக் கிழித்துவிட்டன. "நல்லாப் பாருங்க செயலரம்மா. இது மூணாவது. மருந்து நீங்க வைக்கீங்களா, நான் வைக்கட்டா?" என்றான். மருந்து வைத்தால் உன் மேலும் கேஸ், என் மேலும் கேஸ் என்றேன். "ஆட்டக் கடிச்சா கேஸ் இல்ல, நாயக் கொன்னா கேஸா? நல்லாருக்கே உங்க சட்டம்!" என் சட்டமாம். நான் என்னமோ டெல்லியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி.

ஜனவரியோடு தலைவர், மெம்பர்கள் எல்லாருக்கும் பதவிக்காலம் முடிந்துபோனது. இப்போது பி.டி.ஓ. சார்தான் தனி அலுவலர். அவருக்கு இந்த மாதிரி நாற்பது ஊர். அதனால் இங்கே எது ஒன்று என்றாலும் ஊராட்சி செயலர் ஜெயப்பிரியா. தண்ணி வரலையா, ஜெயப்பிரியா. லைட் எரியலையா, ஜெயப்பிரியா. நாய் கடிச்சிருச்சா, அதுக்கும் இவதான்.

நானும் சீனித்தாய் அக்காவும் ஆட்டைக் குப்பை வண்டியில் ஏற்றிப்போய்க் குளத்துக்கரையில் புதைத்தோம். அக்கா எங்கள் தூய்மைக் காவலர். இருபது வருசமாக ஊரைக் கூட்டுகிறவள், யாருக்கும் பயப்படாதவள். குழி வெட்டும்போதே, "நாய அடிக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாதுன்னா பிறகு எதுக்குத்தான் நமக்குச் சம்பளம்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 7. வெள்ளி

நாய் எண்ணச் சொல்லி உத்தரவு. தெருத் தெருவாகப் போய் நானும் அக்காவும் எண்ணினோம். ஐம்பத்தெட்டு.

பிப்ரவரி 10. திங்கள்

நாய் வண்டி வந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம். வலையோடு நாலு பேர், அவர்களுக்குத் தலைமை செல்வக்குமார் என்று ஒருத்தன், முப்பது வயது இருக்கும். வாய்க்கு வாய் மேடம். பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, ஐந்தாம் நாள் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்களாம். அடையாளத்துக்கு இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். "காது வெட்டியிருந்தா முடிஞ்ச நாய் மேடம். எங்க ஆளுங்க திரும்பத் தொட மாட்டாங்க" என்றான்.

"பிடிச்சிட்டுப் போயி திரும்ப இங்கனயே கொண்டாந்து விடுவீங்களா?" என்று டீக்கடையில் ஒரே சண்டை. நான் யாருக்கென்று பதில் சொல்ல?

பிப்ரவரி 13. வியாழன்

இன்று ஒரு கூத்து. கிழக்கே ஆட்டுக் கிடை போட்டிருக்கிற அழகிரிசாமி அண்ணாச்சியின் இரண்டு நாய்களையும் வண்டிக்காரர்கள் தொடாமலே வந்துவிட்டார்கள். கேட்டால், "அது ரெண்டும் காது வெட்டின நாய் மேடம், வேற யாரோ முடிச்சிருக்காங்க" என்கிறான் செல்வக்குமார்.

யார் முடித்தார்கள்? நேரே போய் அண்ணாச்சியிடமே கேட்டேன். நூறு ஆடு வைத்திருக்கிறவர். வீட்டில் தெலுங்கு. நாயைக் கூப்பிடுகிறதும் "ரா ரா" என்றுதான். மனுசர் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். "நாந்தான் தாயி வெட்டினேன். நம்ம ஆட்டுக்குக் காது வெட்டி வச்சிருக்கோம்லா, யாராச்சும் தொடுதானா? குறி போட்டவன் சொத்து அது. வண்டிக்காரன் அவன் குறியப் போட்டுட்டான்னா நாய் அவனுதுன்னு ஆயிரும்லா. அதான் முந்திக்கிட்டேன். நாய் இல்லாம கிடை எப்படிப் போடுறது?"

எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. அவருடைய வெட்டு முக்கோணமாக இருக்கிறது, வண்டிக்காரர்களுடையது நேராக இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டும் வேலை செய்கிற நாய், போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சர்க்காரை ஏமாற்றிவிட்ட மாதிரி அண்ணாச்சி ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 17. திங்கள்

திரும்பி வந்த நாய்களைக் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள். தையல் பிரிந்து ஒன்று செத்தே போயிருக்கும், சீனித்தாய் அக்கா பார்த்துத் தூக்கிவந்தாள். சாயங்காலம் தண்ணித் தொட்டி மைக்கில் நானே பேசினேன். "காது வெட்டின நாய் எல்லாம் ஊசி போட்ட நாய். அதுகளால வெறிநோய் வராது. யாரும் பயப்பட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்." மூன்று தடவை சொன்னேன். விஜி வீட்டிலிருந்து கேட்டுவிட்டு, "அம்மா, டி.வி.யில வார மாதிரியே இருந்துச்சு உன் குரல்" என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. அவளுக்கு என் வேலையில் அப்படி ஒரு பெருமை.

பிப்ரவரி 21. வெள்ளி

வண்டி கிளம்பிவிட்டது. நாற்பத்தேழு முடித்தார்கள். மிச்சம் பதினொன்று, அண்ணாச்சி நாய் இரண்டையும் சேர்த்து. மற்றதெல்லாம் வலையைக் கண்டதும் உடைமரக் காட்டுக்குள் ஓடி ஒளிகிற கள்ள நாய்கள். "அடுத்த ரவுண்டுல பார்ப்போம் மேடம்" என்றான் செல்வக்குமார். அடுத்த ரவுண்டு எப்போது? "அது மேல இருந்து சொல்லணும்."

பிப்ரவரி 24. திங்கள்

மீட்டிங். எல்லாச் செயலர்களையும் வரிசையாக எழுப்பிவிட்டு சதவீதம் கேட்டார் பி.டி.ஓ. நான் எண்பத்தொன்று என்றேன். "எண்பத்தொண்ணுங்கிறது என்ன பரீட்சை மார்க்கா? வெள்ளிக்கிழமை மாவட்டத்துக்கு ரிப்போர்ட் போகணும். நூறுன்னு போகணும்." வண்டி போய்விட்டது சார் என்றேன். "அது உங்க பிரச்சினை." பக்கத்து ஊர் செயலர் இசக்கிதுரை தலையைக் குனிந்துகொண்டு என் காதில், "அக்கா, எல்லாரும் நூறுதான் சொல்லியிருக்கோம். நீங்க மட்டும் ஏன் ஒத்தையா நிக்கீங்க?" என்றான்.

செல்போன் ஆப்பில் ஒவ்வொரு நாய்க்கும் வெட்டின காது தெரிகிற மாதிரி போட்டோ ஏற்ற வேண்டும். போட்டோ இல்லாமல் நூறு வராது. இசக்கிதுரை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 25. செவ்வாய்

செல்வக்குமாருக்கு போன் போட்டேன். பதினொரு நாய்க்காக ஒரே ஒரு நாள் வாங்க என்று கெஞ்சினேன். விளாத்திகுளம் பக்கம் நிற்கிறார்களாம், வர முடியாதாம். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "போட்டோவுல காது இருந்தாப் போதும் மேடம். ஊசிக் கணக்கு நான் போட்டுக்கிடுதேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இந்த நோட்டில்கூட எழுத முடியாது.

சாயங்காலம் அழகிரிசாமி அண்ணாச்சி கிடைக்குப் போனேன். சொல்ல வாய் வரவில்லை. அவரே, "என்ன தாயி மூஞ்சி செத்துக் கிடக்கு?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் யோசிக்கக்கூட இல்லை அவர். "என் நாயக் காப்பாத்திக் குடுத்தவ நீ. ஒம்பது காதுதான, வெட்டிருவோம்."

பிப்ரவரி 26. புதன். சிவராத்திரி

ஊரே குலசாமி கும்பிடப் போய்விட்டது. வீட்டுக்காரரும் விஜியும் போய்விட்டார்கள், எனக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. அண்ணாச்சியின் சம்சாரம் சுப்புத்தாய் மதினி கோயிலுக்குப் போக, அவர் ஆட்டுக்காக இங்கேயே இருந்தார். தெருவில் ஒரு ஆள் இல்லை. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றார்.

வண்டிக்காரன் வலைக்குச் சிக்காத நாயெல்லாம் இவர் "ரா ரா" என்றதும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. எலும்பைப் போட்டு, தலையில் சாக்கை மூடி, ஆட்டுக்குக் காது வெட்டுகிற கத்தியால் ஒரே வெட்டு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பிவிடுகிறார். நான் போட்டோ எடுத்தேன். எட்டு முடிந்தது. ரேசன் கடைச் செவலை நாய் மட்டும் ஆப்பிடவில்லை.

சாமி கும்பிட வேண்டிய நாளில் நான் செய்துகொண்டிருந்த வேலையைப் பார்.

பிப்ரவரி 27. வியாழன்

செவலையையும் காலையில் அண்ணாச்சியே தனியாகப் பிடித்து முடித்துவிட்டார். நான் ஆபீசுக்குப் போகிற வழியில் போட்டோ மட்டும் எடுத்தேன். ரேசன் கடைப் படியில் படுத்து முறைத்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 28. வெள்ளி

ஏற்றியாச்சு. 58/58. கையெழுத்துப் போட்டாச்சு. வாட்ஸ்அப் குரூப்பில் பி.டி.ஓ. சார் கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தார். நானும் கும்பிடு போட்டேன்.

மார்ச் 2. ஞாயிறு

அண்ணாச்சியும் மதினியும் கிடையைக் கிளப்பிக்கொண்டு நாகலாபுரம் பக்கம் போய்விட்டார்கள். உளுந்து எடுத்த காடெல்லாம் அங்கே காலியாகக் கிடக்கிறதாம். இனி சித்திரை கழிந்துதான் வருவார்கள். அவர் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 4. செவ்வாய்

செவலை சீனித்தாய் அக்காவைக் கடித்துவிட்டது.

ரேசன் கடை முன்னால் கூட்டிக்கொண்டிருந்தவளைக் கெண்டைக்காலில். மூன்று பல் இறங்கியிருக்கிறது. நான் போனபோது அவள் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கிளம்புக்கா ஆஸ்பத்திரிக்கு என்கிறேன், அவள் சிரிக்கிறாள். "எதுக்கு? காது வெட்டின நாய்தான. நீதான மைக்குல சொன்ன, ஊசி போட்ட நாயின்னு."

நான்தான் சொன்னேன். மூன்று தடவை.

மார்ச் 5. புதன்

காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். எந்த நாய் கடித்தாலும் ஊசி போடத்தான் வேண்டும் என்றேன். ஆபீஸ் ஆர்டர் என்றேன். "கோவில்பட்டிக்கு நாலு தடவ அலையணும். பஸ்ஸ நம்பிப் போனா ஒரு நாப் பொழப்பு போச்சு. நாய்க்கே ஊசி போட்டாச்சு, பிறகு எனக்கு எதுக்கு? ஏன் இந்தப் பாடு படுத?" என்று என் முகத்தையே பார்த்தாள். பார்வையைத் தாங்க முடியாமல் வந்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். வாசல்வரை வந்தும் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி, எதிலும் கணக்காகப் பேசுகிறவர். "வாயப் பொத்திக்கிட்டு இரு ஜெயா. எல்லா நாயுமா வெறி பிடிச்சது? ஒண்ணும் ஆகாது. நீ வாயத் திறந்தா வேலை போகும், கேஸ் ஆகும், பிள்ளை படிப்பு என்னாகும்?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். அக்கா உயிரும் சரிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இடிக்கிறது.

மார்ச் 6. வியாழன்

செவலையைப் போய்ப் பார்த்தேன். எழுந்து நடக்கிறது. தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை. தாகம் இல்லையோ என்னவோ. தாகம் இல்லாமல்தான் இருக்க வேண்டும் சாமி.

மார்ச் 7. வெள்ளி

கீழ்த்தாடை தொங்கிவிட்டது. எச்சில் வழிகிறது. பின்னங்காலை இழுத்துக்கொண்டே, அங்கே நின்றிருந்த டிராக்டரின் டயரைப் போய்ப் போய்க் கடித்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ரேசன் கடைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. கையுறை போட்டு நானே புதைத்தேன். அக்காவைக் கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏட்டி ஜெயப்பிரியா, நீயெல்லாம் மனுசிதானா? மூணு நாள். மூணு நாளா வாயில என்னத்த வச்சிருந்த? நாளைக்கு விடிஞ்சதும் போகணும். போயே ஆகணும்.

மார்ச் 8. சனி

போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காராமல் நின்றே சொன்னேன். அந்த நாய்க்கு ஊசி போடவில்லை, காது மட்டும்தான் வெட்டினோம், நான்தான் வெட்டச் சொன்னேன், நேற்று அது வெறி பிடித்துச் செத்துவிட்டது.

திட்டுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். கையில் இருந்த புளியை முறத்தில் வைத்தாள். "அப்ப மூணு நா முன்ன என்னைக் கூப்பிட வந்தது இதுக்குத்தானா? தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தியா?" என்றாள். ஆமா அக்கா என்றேன். "தெரிஞ்சுக்கிட்டேதான் திரும்பியும் போன."

பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். எட்டயபுரத்திலிருந்து வருகிற பஸ்ஸில் முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கடித்த இடத்தைச் சுற்றியே ஊசி குத்தினார்கள், கையில் வேறு. நாலு நாள் கழித்தா வருவீர்கள் என்று நர்சம்மா பிடி பிடி என்று பிடித்துவிட்டார்கள். "காது வெட்டினதா, வெட்டாததான்னு எவன் பார்க்கச் சொன்னது? எந்த நாய் பல்லு பட்டாலும் அன்னைக்கே வரணும்." அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கால் வலியில் கண்ணில் தண்ணி நின்றது, துடைக்கவில்லை.

பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டேன். தவறாமல் எல்லா ஊசியும் போட்டால் பயம் வேண்டாம் என்றார்கள். வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதுவிட்டேன்.

மார்ச் 9. ஞாயிறு

அக்கா மட்டும்தானா? வேறு யாரையும் கடித்திருந்தால்? காது வெட்டின நாய் என்று அவர்களும் சும்மா இருந்தால்?

அழகிரிசாமி அண்ணாச்சிக்கு போன் போட்டேன். பத்து தடவைக்கு ஒரு தடவைதான் அங்கன டவர் கிடைக்கும், இன்று கிடைத்தது. செவலை செத்ததைச் சொல்லி, உங்களைக் கடித்ததா என்று கேட்டேன். "என்னையா? நாய் என்னைக் கடிக்குமா தாயி? நீ பயப்படாத. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது" என்றார். எவ்வளவு பெரிய மனசு. நான் போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன்.

மார்ச் 10. திங்கள்

பி.டி.ஓ. ஆபீஸ். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வண்டியை ஒரு நாள் அனுப்புங்கள், மிச்ச நாய்க்கு ஊசியாவது போடட்டும் என்றேன்.

சார் கதவைச் சாத்தச் சொன்னார். "நீங்க சொன்னத நான் கேக்கல. சரியா? வண்டி வரணும்னா உங்க ஊர்ல ஊசி போடாத நாய் இருக்கணும். இல்லையே. நூறு சதம்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்களுக்கு மேல நான் போட்டிருக்கேன். எனக்கு மேல இன்னொருத்தர் போட்டிருக்காரு. இல்லாத நாய்க்கு எப்படி வண்டி அனுப்புறது?"

இல்லாத நாய்! வரும்போது பஸ் ஸ்டாப்பில் அதில் ஒன்று படுத்துக் கிடந்தது. முக்கோணக் காது. தள்ளி நின்றுகொண்டேன்.

மார்ச் 11. செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன். ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துப் போகிறார், அவருக்கும் பயம்.

மார்ச் 12. புதன்

காலை ஏழு மணிக்கு, ஜனங்கள் காட்டுக்குக் கிளம்பும் முன்னாடி, தொட்டி மைக்கைப் போட்டேன். எழுதிவைத்த தாள் கையில் இருந்தது, வாசிக்கவில்லை. வாய்க்கு வந்தபடிதான் பேசினேன்.

"நான் செயலர் ஜெயப்பிரியா பேசுதேன். போன மாசம் நான் சொன்னது பொய். காது வெட்டின நாய் எல்லாத்துக்கும் ஊசி போடல. பதினோரு நாய்க்குப் போடல. தப்பு என்னுது. ரேசன் கடைச் செவலை வெறி பிடிச்சுச் செத்துப்போச்சு. அது யாரையாச்சும் கடிச்சிருந்தாலோ, பிறாண்டியிருந்தாலோ, இப்பமே வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன். தயவு செஞ்சு வாங்க."

பத்து நிமிசத்தில் ஆபீஸ் வாசலில் கூட்டம். என்னென்ன வார்த்தை. சுடலைராஜ் துப்பினான், காலடியில்தான் விழுந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து மூன்று பேர் தனியாக முன்னால் வந்தார்கள். சத்துணவு சமைக்கிற மாரிசெல்வி, கையில் பிறாண்டல். கல்லுடைக்கப் போகிற இரண்டு அண்ணன் தம்பி, சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்க வந்ததாம். மூன்று பேருமே காது வெட்டின நாய்தானே என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. மாரிசெல்விக்கு ஒரு வயதுப் பிள்ளை, பால் குடிக்கிறது.

லோடு ஆட்டோ பிடித்து மூன்று பேரையும் கூட்டிப்போனேன். சீனித்தாய் அக்காவும் ஏறிக்கொண்டாள். அவளுக்கு நேற்றே போட வேண்டிய இரண்டாவது ஊசி.

மார்ச் 14. வெள்ளி

நேற்றே பேப்பரில் வந்துவிட்டது. இன்று நாய் வண்டியும் வந்துவிட்டது, கூடவே கால்நடை டாக்டர். ஒரே பகலில் மிச்ச நாயெல்லாம் பிடித்து ஊசி போட்டாகிவிட்டது. அண்ணாச்சியின் இரண்டு நாய்க்கும் அங்கேயே போய்ப் போட்டுவிடுவார்களாம். வலைக்குச் சிக்காத நாய் இன்று மட்டும் எப்படிச் சிக்கியது? செல்வக்குமாரைக் காணவில்லை, போன் ஸ்விட்ச் ஆப்.

மாலை மூன்று மணிக்கு இசக்கிதுரை தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். பணியிடை நீக்கம். பொறுப்பு அவனுக்கு. சாவியைக் கொடுக்கும்போது அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "நாங்களும் அப்படித்தானக்கா செஞ்சோம்" என்று முனகினான். அப்போ உன் ஊர்க்காரனிடம் போய்ச் சொல்லு தம்பி, இன்றைக்கே சொல்லு என்றேன்.

மார்ச் 16. ஞாயிறு

பத்து மணிவரை தூங்கினேன். எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி.

மார்ச் 25. செவ்வாய்

வீட்டில் சும்மா இருப்பது ஒரு வேலையாகவே இருக்கிறது. அவர் பேசுவது இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார். விஜியைப் பள்ளிக்கூடத்தில் நாய்க் காது என்று கூப்பிடுகிறார்களாம். அழுதாள். பிறகு அவளே, "நீ சொன்னதுனாலதானம்மா மாரிசெல்வி அத்தை ஊசி போட்டாங்க" என்றாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். ஆனால் காதை வெட்டினது யார் சொல்லி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 5. சனி

சீனித்தாய் அக்காவுக்குக் கடைசி ஊசி. நான் வருகிறேன் என்று சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் பஸ்ஸில் சீட்டில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். உட்கார்ந்தேன். ஊசி முடிந்து வரும்போது, "எனக்கு உன் மேல உள்ள கோவம் போகாது ஜெயா. சாகுற மட்டும் போகாது. அதுக்காவ நீ சோறு திங்காமக் கிடக்காத. எலும்பா இருக்க" என்றாள். இரண்டு டீ வாங்கினாள். சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லி.

மற்ற மூன்று பேருக்கும் இன்னும் ஒரு ஊசிதான் பாக்கி. நாலு பேரும் தப்பித்தாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன். அக்கா, மாரிசெல்வி, அந்த அண்ணன் தம்பி. நாலு பேர்தான். முடிந்தது சாமி. வேலை போனால் போகட்டும்.

ஏப்ரல் 14. திங்கள். சித்திரை ஒன்று

பாயசத்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சுப்புத்தாய் மதினி போன். முதலில் அழுகைதான் கேட்டது. அண்ணாச்சிக்கு நாலு நாளாகக் கை மரத்துப்போய்த் தோள்வரை எரிச்சலாம். நேற்றிலிருந்து தண்ணி டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுக்கிறதாம். காற்று பட்டால் துள்ளுகிறாராம். தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

மதினி, நாய் கடிச்சுச்சா என்று கத்தினேன். நான் கேட்டேனே, இல்லைன்னு சொன்னாரே!

"கடிக்கல தாயி. செவலைக்குக் காது வெட்டும்போது பல்லு பட்டுச்சாம் பெருவிரல்ல. ஒரு கீறல்தான். மஞ்சளப் பூசிக்கிட்டாரு. இப்பத்தான் சொல்லுதாரு. எனக்கே இப்பத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனா எந்த நாய், எப்படின்னு கேப்பாங்க, சொன்னா உன் வேலை போயிரும்னு வாயத் திறக்கலியாம்."

போன மாசம் ஒன்பதாம் தேதி போனில் கேட்டேன். அவர் இல்லை என்றார். பன்னிரண்டாம் தேதி நானே எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்ப போன் போட்டு, இனி மறைக்க ஒன்றும் இல்லை அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க என்று கேட்டிருந்தால்? கத்தி பிடித்த கை அவர் கை. முதலில் அவரைத்தானே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்? அவரை எண்ணவே இல்லையே நான். ஐயோ, எண்ணவே இல்லையே.

ஏப்ரல் 15. செவ்வாய்

தூத்துக்குடி. ஜன்னலை எல்லாம் சாத்தி, பேனை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்வதற்கு இல்லை என்று டாக்டர் மதினியை வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்றார்.

கட்டிலோடு கையைக் கட்டியிருந்தது. நூறு ஆட்டை ஓட்டிப் பத்துகிற மனுசர், ஒரு பிடி ஆகிவிட்டார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். தொண்டை இழுக்க இழுக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"வேலை போயிருச்சாமே தாயி? இவ சொல்லுதா. நான் யார்ட்டயும் சொல்லலியே."

போகல அண்ணாச்சி, யாரோ சும்மா சொல்லியிருக்காங்க, ஆபீஸ்ல இருந்துதான் வாரேன், நாளைக்கும் போகணும் என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றார்.